மாறி ஒட்டிய நீலப் பொத்தான்

மார்ச் 3

அன்புத் தம்பி திருகுக்கு,

நலம் விசாரிக்கும் முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நீ கொடுத்த ரெக்கார்டரில் இருந்த உன் குரல் போய்விட்டது. அது இருந்த இடத்தில் இப்போது உன் அத்தான் நாற்பது விநாடி தொண்டையைச் செருமுகிறார். பிறகு ஒரு தும்மல். தும்மல் மட்டும் நல்ல சுருதி.

ஆறு வருடமாக வாயும் பேனாவும் திறக்காதவன், போன வாரம் ஓர் அச்சடித்த படிவம் அனுப்பியிருந்தாய். ‘மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே’ என்று ஆரம்பிக்கிறது. உனக்குக் கால்சட்டை மாட்டிவிட்ட அக்கா நான். இப்போது வாடிக்கையாளராகிவிட்டேன், மரியாதை கூடியிருக்கிறது, சந்தோஷம்.

இனி உங்கள் கம்பெனி செய்யப்போகும் ரெக்கார்டரில் என்னென்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவளிடம் கேட்டது உங்கள் தப்பு. படிவத்தில் விட்ட இடம் என் மூச்சுக்குப் போதாது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், கம்ப்யூட்டரோடு சேர்த்தால்தான் ஓடும் என்று எதையும் செய்துவிடாதே. துணி திருத்திக் கொடுக்கிற கடையில் எனக்கு இருப்பது ஒரே மேசை. தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, சாப்பாட்டு டப்பா எல்லாம் போக மிச்சம் ஒரு முழம். அதில்தான் உன் ரெக்கார்டரும் உட்கார்ந்திருக்கிறது. ஒரு டிராக்கில் பாடுகிறேன். அதைக் கேட்டுக்கொண்டே அடுத்த டிராக்கில் இன்னொரு குரல் பாடுகிறேன். இப்படி எட்டு டிராக்கும் ஏறினால், ஒருத்தி நான் ஒரு கூட்டமாகிவிடுகிறேன். ஆனால் என் இரண்டு கையும் எப்போதும் துணியில் இருக்கும். தையல் மிஷின் மாதிரி காலால் மிதித்தால் பதிவாக வேண்டும். உள்ளே இருக்கும் காற்றாடியை எடுத்துவிடு, அது என்னைவிடப் பலமாக மூச்சு விடுகிறது. எழுத்தெல்லாம் எறும்பு முட்டை அளவு. தடவிப் பார்த்தே எந்த டிராக் என்று தெரிய வேண்டும். ‘ஐயோ’ என்று ஒரு பொத்தானும் வை. தப்பு செய்துவிட்டு அதை அமுக்கினால், அழிந்தது திரும்பி வர வேண்டும்.

கடைசியாக, டிராக்குக்கு டிராக் தனித்தனிப் பூட்டு. டக்கென்று சத்தம் வருகிற நிஜப் பூட்டு. ஏன் என்று கேட்காதே.

உன் அக்கா
(வாடிக்கையாளர்)

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உபயோகமான கருத்துகளுக்கு நன்றி. போனிலும் கம்ப்யூட்டரிலும் எல்லோரும் பதிவு செய்துகொள்ளும்போது இப்படித் தனி ரெக்கார்டர் யாருக்கு வேண்டும் என்று மேலே கேட்கிறார்கள். ஏப்ரல் எட்டாம் தேதி கூட்டம். அதில் நான் பதில் சொல்லியாக வேண்டும். உன் கடிதத்தைப் படித்துக் காட்டலாமா? தும்மலை விட்டுவிடுகிறேன்.

என் குரல் அழிந்ததில் வருத்தமில்லை. ஆறு வருடம் முன்னால் அதைப் பதிவு செய்த அன்றைக்கு ஒரே வரியைப் பதினோரு தடவை பாட வைத்துவிட்டு, “மிஷின் செய்றவன் மிஷினோட நிறுத்திக்கணும்” என்றார் அத்தான். ஒருவழியாக நிறுத்தியாயிற்று.

ஏன் என்று கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

கேட்பாய் என்று தெரியும். சின்ன வயதில் வீட்டுக் கடிகாரத்தைக் கழற்றித் ‘திருகு’ என்று பட்டப்பேர் வாங்கியதும் ‘ஏன்’ என்று ஆரம்பித்துத்தான்.

அந்தப் பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாததால் ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு சட்டைப் பொத்தான் ஒட்டியிருந்தேன். உன் குரலுக்கு வெள்ளை. காலியாக இருக்கிற டிராக்குக்கு நீலம். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் பசை இளகி இரண்டும் விழுந்துவிட்டன. திரும்ப ஒட்டினேன், மாற்றி ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடமாக ஊரார் சட்டைக்கெல்லாம் பொத்தான் சரியாகத் தைப்பவள்.

உன் அத்தான் மத்தியானங்களில், நான் துணி கொடுக்கப் போகும் நேரம் பார்த்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உன் குரலோடு சேர்ந்து பாடிப் பார்த்திருக்கிறார். ஒரு வருடமாக. எனக்குத் தெரியாது. அன்றைக்கு அதைப் பதிவும் செய்துவிடலாம் என்று காலி டிராக் என நினைத்து நீலத்தை அமுக்கினார். நான் உள்ளே வரும்போது ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “அவன் குரலக் காணோம்டி” என்றார். இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. கிண்டலை ஒத்திவைத்துவிட்டுத் தண்ணீர் கொடுத்தேன், என்னைத் தெரியுமல்லவா.

தொண்டையைச் செருமியதற்கும் காரணம் இருக்கிறது. உள்ளே ஒரு கட்டி. ஆபத்தில்லை, ஆனால் எடுக்க வேண்டும். இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி ஆபரேஷன். அதற்கப்புறம் பேச்சு வரும், ஆனால் பழைய குரல் வரும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். பஸ் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு சொல்கிற மனுஷன். தான் சொல்லாவிட்டால் ஒரு பஸ்ஸும் கிளம்பாது என்று நம்பிக்கொண்டிருப்பவர். ஆபீஸில் வேறு வேலை தருகிறார்கள், அது கவலையில்லை. பாட்டுத்தான்.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். “வரமாட்டான். பதினோரு தடவ பாட வச்சேன்ல” என்றார். எண்ணிக்கை அவருக்கும் ஞாபகம் இருக்கிறது.

அவர் உன்னைக் கூப்பிடவில்லை. நான் கூப்பிடுகிறேன். இருபத்தெட்டாம் தேதிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

கடிதத்தைத் தாராளமாகப் படித்துக் காட்டு. தும்மலையும் சேர்த்துக்கொள், மனுஷன் பாடுபட்டுப் பதிவு செய்தது.

உன் அக்கா

மார்ச் 18

அக்கா,

ஞாயிறு காலை பஸ்ஸில் வருகிறேன். மாதிரிக்கு ஒரு ரெக்கார்டர் செய்திருக்கிறோம், எடுத்து வருகிறேன். பூட்டு இருக்கிறது. டக்கென்று சத்தம் வரும்.

எத்தனை தடவை வேண்டுமானாலும் பாட வைக்கட்டும் என்று அத்தானிடம் சொல்.

திருகு

ஏப்ரல் 3

அன்புத் தம்பிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு மாதம் வாய் திறக்கக்கூடாது. சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார், நான் அதற்கு வாயால் பதில் சொல்கிறேன், சண்டையில் எனக்குத்தான் ஜெயம்.

கண் விழித்ததும் முதலில் எழுதியது: ‘பாட்டைப் போடு’. கேட்டு முடித்ததும் எழுதியது: ‘மூணாவது வரியில் தம்பி லேட்’. கொஞ்ச நேரம் கழித்து அதை அழித்துவிட்டு எழுதியது: ‘இருக்கட்டும்’.

நீ வந்த ஞாயிற்றுக்கிழமை நாலே தடவையில் சரி என்று சொன்னவர். ஐந்தாவது தடவை பாட வேண்டும் என்று அடம் பிடித்தது நீ. நீங்கள் இரண்டு பேரும் ஒரே மைக்குக்குத் தலையை நீட்டிக்கொண்டு நின்றதை நான் பார்க்காத மாதிரி தையலைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிரித்தது நல்ல தையல். வாடிக்கையாளரிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ கிளம்பியதும், வைத்துவிட்டுப் போன புது ரெக்கார்டரில் இரண்டு பேர் டிராக்கையும் பூட்டிவிட்டேன். தினமும் ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். பூட்டை உன் கூட்டத்தில் யாராவது வேண்டாம் என்றால், என் கடைக்கு அனுப்பு.

தாளம் பாக்கி இருந்ததல்லவா. போன திங்கட்கிழமை தையல் மிஷினையே தாளமாக ஓட்டி மூன்றாவது டிராக்கில் ஏற்றினேன். ஊசிக்கு அடியில் துணி இல்லாவிட்டால் வெறும் கடகட, துணி இருந்தால்தான் சத்தம் கனமாக விழும். அதற்கென்று ஒரு கிழிசல் துணியை எடுத்து வைத்து, ஹெட்போனில் உங்கள் பாட்டைக் கேட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினேன். எனக்கே பிடித்துவிட்டது.

பொத்தான் தைக்க நீ விட்டுப்போன கோட்டை, எட்டாம் தேதிக் கூட்டத்துக்கு ஆகட்டும் என்று நேற்றே பார்சலில் அனுப்பிவிட்டேன்.

இன்று காலை மேசையைத் துடைத்தேன். கிழிசல் துணி வைத்த இடத்திலேயே இருக்கிறது. அதில் ஒரு தையல்கூட இல்லை.

கோட்டின் இடது கையில் கை நுழையாது. பாட்டு முழுக்க, நாலு நிமிடம் பதினெட்டு விநாடி, அதைத்தான் தைத்திருக்கிறேன்.

உன் அக்கா