நான்காம் வீட்டுக்காரனைச் சேர்ப்பதா

டிசம்பர் 18

சுனாமியில் கடலோடு போன என் மகன் குமார் உயிரோடு இருக்கிறான் என்று போன் குரூப்பில் எழுதினான் சிவலிங்கம். பொய். என் மனைவி பார்வதியின் தம்பி என்பதற்காக அவன் எழுதிய பொய் மெய்யாகிவிடாது. "ஆமா, குமாரேதான்" என்று ஒத்து ஊதினாள் அதே குரூப்பில் இருந்த லட்சுமி. இருவரையும் குரூப்பிலிருந்து நீக்கினேன். ஏழு மாதம் ஆகிறது. நீக்கியது சரி.

காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. முழங்கால் வலி.

எங்கள் பழைய ஊர் ஹட் பேயிலிருந்து முனியாண்டி பேசினான். குரூப்புக்கு அவனும் நானும்தான் அட்மின். "அண்ணே, இருபத்தாறு வருது. ரெண்டு பேரையும் சேத்துருவோமா?"

யோசிக்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை.

டிசம்பர் 19

மழை விட்டது. மாத்திரை வாங்க அக்கரைக்கு. இக்கரைப் பாம்பூஃப்ளாட் ஜெட்டியில் லட்சுமி. படகில் கால் வைக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்: "அட்மின் ஐயா, இந்த போட்ல நான் வரலாமுங்களா? இல்ல, இதுலருந்தும் தூக்கிருவீங்களா?"

சிரித்தார்கள். அக்கரைச் சாத்தம் ஜெட்டி வரும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது லட்சுமி பக்கத்தில் வந்து மெல்ல: "படம் மங்கலாத்தான் தெரிஞ்சுச்சு மாமா. குமாரா இருக்கணும்னு தோணுச்சு. எழுதிட்டேன்."

மருந்துக் கடைக்கு நடந்தேன். மாத்திரை இல்லை. சென்னையிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் வரவில்லையாம்.

டிசம்பர் 21

ஏழு மாதத்துக்கு முன் நடந்ததை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

சென்னையில் இருக்கும் நம் ஆள் ஒருவர் குரூப்பில் ஒரு படம் போட்டார். காப்பகத்தில் ஒருவர், சரியாகப் பேச்சு வரவில்லை, "ஹட் பே" என்று மட்டும் சொல்கிறார், யாருக்காவது தெரியுமா? அவ்வளவுதான் கேட்டார். இங்கே இருக்கிற நெட்டுக்கு ஒரு படம் இறங்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை மங்கலாக ஒரு கட்டம். அதைப் பார்த்தே கல்யாணத்துக்கு வாழ்த்துச் சொல்லுவோம், செத்தவருக்கு அழுவோம். எல்லாருக்கும் பழகிவிட்டது. அந்த மங்கலைப் பார்த்து சிவலிங்கம் எழுதினான்: "நம்ம குமார். அதே நெத்தி."

இரண்டாம் நாள் ஹேடோ துறைமுகத்தில் சென்னைக் கப்பல், நானும் பார்வதியும் கிளம்பினோம். பார்வதி புதுச் சட்டை ஒன்று வாங்கிக்கொண்டாள், நீலம். மூன்று நாள் கடல். போய்ப் பார்த்தால் ஐம்பது வயது ஆள். யாரோ தெலுங்குக்காரர். சட்டையை அவருக்கே போட்டுவிட்டு வந்தாள்.

டிசம்பர் 22

மறுபடியும் முனியாண்டி. பெயர் போடும் வரிசை பற்றி.

சுனாமிக்குப் போனவர்களின் பெயரை ஒவ்வொரு வருடமும் 26 காலையில் குரூப்பில் போடுகிறோம். ஹட் பேயில் நாங்கள் இருந்த பழைய லைன் வீடுகளின் வரிசை, கடல் பக்கத்திலிருந்து. முதல் வீட்டார் எழுதி, அது வந்து சேர்ந்த பிறகே இரண்டாம் வீடு. நெட் நின்றால் எல்லாரும் காத்திருப்போம். ஒரு வீட்டின் பெயரை இன்னொரு வீட்டார் எழுதுவதில்லை. மூன்றாம் வீடு நாங்கள்: குமார். நான்காம் வீடு சிவலிங்கம்: மனைவி சரோஜா, மகள் தேவி. அவன் வீட்டில் மிச்சம் அவன் ஒருவன்தான்.

"நாலாம் வீட்டத் தாண்டி எழுதுங்க" என்றேன்.

"எப்படிண்ணே தாண்டுறது? எங்கம்மா பேரு ஆறாம் வீட்ல நிக்குது. இந்த வரிசய வச்சதே நீங்கதானே."

ஆம். நான் வைத்ததுதான்.

டிசம்பர் 24

மேகமூட்டம். தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். பார்வதியின் போனில் சிவலிங்கம். "மச்சான்கிட்ட குடுக்கா." நான் வாங்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டு என் எதிரே வைத்தாள்.

"மச்சான், தப்புத்தான். இருபத்தாறு அன்னைக்கு ஒரு நாளு மட்டும் சேத்து வைங்க. எம்புள்ள பேரப் போட்டுட்டு நானே வெளிய போயிர்றேன்."

எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"கப்பல்ல போன மூணு நாளும் எம்புள்ள உசுரோட இருந்தான். அவன் வந்ததும் எங்க படுக்க வைக்கிறதுன்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன். அதக் குடுத்தது என் தம்பிதான். நீங்க ஒரு வார்த்த பேசாம வந்தீங்க."

அவள் கடைசியாகச் சொன்ன அந்த வரி. நாள் முழுவதும் காதில் அதுதான்.

டிசம்பர் 25

வெயில். பார்வதி கோயிலுக்குப் போயிருக்கிறாள். வருவதற்குள் எழுதிவிட வேண்டும்.

அன்று ஹேடோவில் கப்பல் ஏறும் வரிசையில் நிற்கும்போது என் போனில் படம் முழுதாகத் திறந்தது. நரைத்த தலை. குமார் இல்லை. பார்த்ததுமே தெரிந்தது. எனக்கு முன்னால் நின்ற பார்வதி, யாரோ ஒரு பெங்காலிப் பெண்ணிடம் சட்டையைப் பிரித்துக் காட்டி, மகன் கிடைத்துவிட்டான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்: "மேரா பேட்டா மில் கயா, தீதி." சிரித்துக்கொண்டிருந்தாள். பல வருடத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. போனை அணைத்துப் பையில் போட்டேன். ஏறினேன்.

சிவலிங்கம் தெரியாமல் எழுதினான். நான் தெரிந்து எழுதாமல் இருந்தேன். அவன்மேல் கோபம் குறையவில்லை. அது வேறு.

இன்று முடிக்க வேண்டியவை:

லட்சுமியைச் சேர்ப்பது: நான்.

சிவலிங்கத்தைச் சேர்ப்பது: முனியாண்டி. என் கையால் ஆகாது. ஒரு நாளுக்கு என்று அல்ல.

படம் முழுதாக இறங்காமல் யாரும் ஆளை அடையாளம் சொல்லக்கூடாது என்று விதி எழுதிப் போடுவது: முனியாண்டி.

ஹேடோவில் பார்த்ததைப் பார்வதியிடம் சொல்வது: நான். கோயிலிலிருந்து வந்ததும்.

அதன்பின் என்னைக் குரூப்பில் வைப்பதா, நீக்குவதா: பார்வதி.