நூல் பொறுக்கிய வருஷம்

1936 பிப்ரவரி 11

விடிந்ததிலிருந்து மழை. சட்டை காயவில்லை. ஈரச் சட்டையோடு எஞ்சின் ஷெட்டுக்குப் போய் ஈரச் சட்டையோடு திரும்பினேன். ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி கூப்பிட்டு, ரயில் டிரைவர் வேலைக்கு எடுக்கும் மூன்று பேரில் என் பெயரும் இருக்கிறது, அடுத்த வாரம் டாக்டர் சோதனை என்றார். ஒன்பது வருஷம் கரி அள்ளிப் போட்டதற்கு இன்றைக்குத்தான் ஒரு பதில். வீட்டுக்கு வந்து பெண்டாட்டி பவுனம்மாளிடம் சொன்னேன். அவள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு இராஜம்மாவிடம் ஓடினாள். நாளைக்குள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 18

நெஞ்சு, காது, எழுத்து அட்டை எல்லாம் சரி. பிறகு டாக்டர் ஒரு பெட்டியிலிருந்து கம்பளி நூல் துண்டுகளை மேசையில் கொட்டினார். ஒன்றைக் கையில் கொடுத்து, இதே நிறத்தில் இருப்பதை எல்லாம் பொறுக்கி எடு என்றார். எடுத்தேன். என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். வேறொன்று கொடுத்தார். அதற்கும் எடுத்தேன். ஏதோ எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் டாக்டருக்கு உதவியாக நிற்கும் டிரெஸ்ஸர் பாலன் மெதுவாகச் சொன்னான். கொடுத்தது பச்சை நூலாம். நான் அதோடு பழுப்பு, சாம்பல், ரோஜா நிறமெல்லாம் சேர்த்து வைத்தேனாம். ஐந்து வாரம் கழித்து மறுசோதனை. அதுவரை எஞ்சினில் ஏறக்கூடாது. ஷெட்டிலேயே வேலை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். துக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பல் பிடுங்க மருந்து போட்ட பக்கம் மாதிரி மரத்துக் கிடக்கிறது.

பிப்ரவரி 19

பவுனிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 23

எனக்கு நானே பொய் எழுதி என்ன பயன்? என் கண்ணுக்கு நிறம் பிரியவில்லை என்று தெரியாதா எனக்கு? பாதி தெரியும். செடியில் மிளகாய்ப் பழம் பறிக்கச் சொன்னால் காயும் சேர்த்துப் பறித்து வருவேன், பவுனு திட்டுவாள். எல்லோருக்கும் இப்படித்தான் தெரிகிறது, மற்றவர்கள் கவனமாகப் பார்க்கிறார்கள், நான் சோம்பேறி - இப்படித்தான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். கரி போடும் பயர்மேன் வேலைக்கான சோதனையின்போது எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். முன்னால் நின்றவன் எந்தெந்த நூலை எடுத்தான் என்று பார்த்து அதையே எடுத்தேன்.

எஞ்சினில் என் பக்கத்து சிக்னலைப் பார்த்து டிரைவருக்குச் சொல்வதும் என் வேலை. எப்படிப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால்? பகலில் சிக்னல் கம்பத்தின் கை ஏறியிருக்கிறதா, போகலாம் என்று இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். விளக்கு வைத்த பிறகு டிரைவர் தம்புசாமி அண்ணனின் கையைப் பார்ப்பேன். கை பிரேக்குக்குப் போனால் சிவப்பு. போகாவிட்டால் பச்சை. பின்னால் எத்தனை பெட்டி, எத்தனை சனம். நினைத்தால் பதற வேண்டும். பதறவும் இல்லை.

பிப்ரவரி 26

இராஜம்மா வாய் வழியாகப் பவுனுக்குத் தெரிந்துவிட்டது. அழவில்லை, சண்டை போடவில்லை. சாயங்காலம் எங்கிருந்தோ ஒரு மடி நிறைய நூல் துண்டுகள் வாங்கி வந்து பாயில் பரப்பினாள். உட்காருங்க என்றாள். உட்கார்ந்தேன்.

மார்ச் 5

தினமும் பாடம். இது என்ன, அது என்ன. சிவப்பு நூல் கொஞ்சம் சொரசொரப்பு, பச்சை மழமழப்பு. விரலால் தடவிக் கற்றுக்கொண்டேன். இன்று இருபதில் பதினேழு சரி. பவுனு பிள்ளையார் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். டாக்டருடைய நூலெல்லாம் ஒரே மழமழப்பு என்பதை நான் சொல்லவில்லை.

மார்ச் 9

விளக்கு வைக்கும் நேரம் பவுனு என்னை லைன் ஓரமாக வேலியண்டை அழைத்துப் போனாள். தூரத்து சிக்னல் விளக்குகளைக் காட்டி ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒன்பது விளக்கு. ஐந்து சரி. அந்த ஐந்தும் குருட்டாம்போக்கில் சொன்னது. அவள் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் முந்தானையைத் திருகிக்கொண்டே வந்தாள்.

மார்ச் 15

தம்புசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒன்பது வருஷம் உங்களோடு ஓடியிருக்கிறேன், ஒரு தப்பு நடந்ததில்லை என்று துரையிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டேன். எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். பிறகு சொன்னார்.

“நீ சிக்னல் சொல்றதை நான் என்னைக்கு நம்புனேன் அய்யாவு? ஒன் பக்கத்தையும் சேத்து நானேதான் பாத்துக்கிட்டு வர்றேன். ஒன்னை மாதிரி நெருப்புப் போட ஆள் கெடைக்காது, அதான் வாயைத் தொறக்கலை.”

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் மறைத்ததாக நினைத்த அத்தனை நாளும் அவர் என்னைச் சுமந்து வந்திருக்கிறார். கோபம் வரவில்லை. வெட்கமும் சரியாக வரவில்லை. அடுத்த மாதம் நானே டிரைவராகி நின்றால் யார் கையைப் பார்ப்பேன்? இதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

மார்ச் 21

பாலன் வந்தான். மறுசோதனையில் டாக்டருக்குப் பின்னால்தான் நிற்பானாம். சரியான நூலில் என் கை பட்டால் சட்டைப் பொத்தானைத் தொடுவானாம். தப்பில் பட்டால் சும்மா நிற்பானாம். நம்ம ஆள் ஒருத்தர் டிரைவரானால் நல்லதுதானே லா என்றான். பவுனு அவனுக்குக் காபியில் கூடுதலாகச் சீனி போட்டாள்.

மார்ச் 24

நாளைக்கு. போவேன். எடுப்பேன். வேறு என்ன செய்ய? பவுனு இராஜம்மாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். டிரைவர் பெண்டாட்டி என்று ஒரு வாரம் கூப்பிட்டவர்கள் இப்போது அதையே கேலியாகச் சொல்கிறார்களாம்.

மார்ச் 25

முதல் நூலைத் தொட்டேன். பாலன் பொத்தானைத் தொட்டான். இரண்டாவது. சும்மா நின்றான், விட்டுவிட்டேன். மூன்றாவது. பொத்தான். இப்படியே எட்டு. டாக்டர் தலையாட்டினார். இன்னும் ஒரு கட்டு நூல் கொடுத்தார்.

அந்த நேரம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது - நான் மறுபடியும் அடுத்தவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நூலை மேசைமேல் வைத்தேன். “தெரியலைங்க தொரை” என்றேன். டாக்டர் நிமிர்ந்தார். மறுபடி சொன்னேன். பாலன் சுவரைப் பார்த்தான். பேனா உரசும் சத்தம் கேட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் பவுனு கேட்டாள்: “ஏன் அப்படிச் சொன்னீங்க?” “தெரியலை, அதனால தெரியலைன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல?” என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

ஏப்ரல் 4

மாற்றல் கடிதம். கிள்ளான் லைனில் பத்து தீகா என்கிற ஸ்டேஷன். எஞ்சின்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு வீடு. சம்பளம் குறைவு. பத்து நாளில் குவாட்டர்ஸ் காலி செய்ய வேண்டும்.

ஏப்ரல் 15

வந்து சேர்ந்தோம். ஒற்றை அறை. சுற்றிலும் ரப்பர் மரங்கள். பவுனு சாமான் அவிழ்க்காமல் மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறாள்.

ஏப்ரல் 27

பாய்லருக்கு நெருப்புப் போடுகிறேன். பம்பு ஓடுகிறது. தொட்டி நிறைகிறது. நிறுத்துகிறேன்.

மே 19

நேற்று மாதிரியே.

ஜூன் 14

எழுதி நாளாகிவிட்டது. பவுனு கிள்ளான் பாசாருக்குப் போய் விதை வாங்கி வந்து கத்தரி போட்டிருக்கிறாள். அதைப் பற்றி ஏழெட்டு வார்த்தை பேசினாள். இங்கே யாரும் என்னை என்னவாகப் போகிறாய் என்று கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. நெருப்பு பளிச்சென்று நிற்கிறதா, புகைகிறதா என்று பார்க்க எனக்கு எந்த நிறமும் வேண்டியதில்லை. இந்தக் கண்ணால் செய்யக்கூடிய வேலை இது. செய்கிறேன். அவ்வளவுதான்.

ஜூலை 8

பக்கிரிசாமி டிரைவர் ஆகிவிட்டானாம். அந்த மூன்று பேரில் ஒருவன். கரி உடைக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். வயிற்றெரிச்சல் வரும் என்று ராத்திரி வரை காத்திருந்தேன். கொஞ்சம் வந்தது. படுத்துத் தூங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 30

சாயங்காலம் மழை இருட்டு. ஏழு மணி கூட்ஸ் தண்ணீருக்கு நின்றது. பக்கிரிசாமி வண்டி. குழாயைத் திருப்பிவிட்டேன். அவன் தலையை நீட்டினான், முகமெல்லாம் மழை.

“அண்ணே, அந்தப் பக்கம் சிக்னல் விழுந்துருச்சா பாருங்க.”

பார்த்தேன். ஒரு விளக்கு எரிந்தது.

“எனக்குக் கலர் தெரியாது தம்பி. நீயே எறங்கிப் பாத்துக்க.”

ஸ்டேஷன் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். போர்ட்டர் இரண்டு பேர். சாப்பாட்டுத் தூக்கோடு பவுனு. முப்பத்து நாலு வயது வரை நாலு பேர் முன்னால் சொல்லாமல் வாய்க்குள் வைத்திருந்ததை மணி என்ன என்பதற்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டேன். பக்கிரிசாமி இறங்கி வந்து பார்த்தான், சரி அண்ணே என்று ஏறிப் போனான். குழாயை மூடினேன்.

பவுனு பம்பு வீட்டுக்குள் இலையைப் போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.