தூங்குகிறவர்களின் அளவு

அன்புள்ள நெட்டைக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பொடிசு எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கி நல்லபடி இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் மற்றதையெல்லாம் சொல்கிறேன். என் கையெழுத்து இல்லையே என்று பதறாதே, வலது ஆள்காட்டி விரலில் சின்னக் காயம், கட்டுப் போட்டிருக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை, அவ்வளவுதான். சமையலுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. துணி பிழிய மட்டும் அப்பா வருகிறார், பஸ் ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பிப் பழகின கை அல்லவா, அவர் பிழிந்தால் துணியைக் கொடியில் போட வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு விஷயம், சிரிக்கக் கூடாது. நான் தைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். தெருமுனைத் தையல் கடையில் மோட்டார் வைத்த மிஷின் வந்துவிட்டது, பழைய கால் மிஷினைச் சும்மா போட்டிருந்தார்கள், வாங்கி வந்து ஜன்னலுக்குக் கீழே, உன் கட்டில் கிடந்த இடத்தில் போட்டிருக்கிறேன். யாரிடமும் போய்க் கற்கவில்லை. அப்பாவின் பழைய காக்கிச் சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். ஒரு சட்டைக்குள் இத்தனை துண்டு இருக்கிறது என்று இத்தனை வருஷம் துவைத்தும் எனக்குத் தெரியாமல் போயிற்று பார். முதலில் அப்பாவுக்குத்தான் ஒரு சட்டை தைத்தேன். அளவு எடுக்கும்போது உன் அப்பா வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, ஏதோ போட்டோவுக்கு நிற்கிற மாதிரி நின்றார். சட்டையும் அந்த வயிற்றுக்குத்தான் தைக்கப்பட்டது. போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார், ஒரு பட்டன் பறந்து பொடிசின் தட்டில் விழுந்தது. அன்றிலிருந்து அளவு எடுக்க வேறு வழி வைத்திருக்கிறேன், அது தொழில் ரகசியம், இந்தக் கழுதை எழுதிக்கொண்டிருப்பதால் சொல்ல மாட்டேன். கீழ்வீட்டு அக்கா முதல் நாள் என் மிஷின் சத்தத்தைக் கேட்டு மழை என்று நினைத்து மாடிக்கு ஓடி எல்லாத் துணியையும் எடுத்துவிட்டாளாம். இப்போது பழகிவிட்டது. என்னக்கா இன்னைக்கு ஒரே தூறலா இருக்கு, கொட்டலையே என்று கேலி பேசுகிறாள்.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. கோட்டுதான் தெரிகிறது, அதற்குள் ஆள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. முகம் மட்டும் கோட்டுக்கு மேலே ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது. ராத்திரி வேலை முடிந்து வந்ததும் வெறும் வயிற்றோடு படுக்காதே. ஈரத் தலையோடு தூங்காதே. திரையை நன்றாக இழுத்துவிட்டுத் தூங்கு. கோட்டுக்கு உள்ளே போட்டுக்கொள்ள முழுக்கை வைத்த கதகதப்பான சட்டை ஒன்று உனக்குத் தைத்துக்கொண்டிருக்கிறேன், இதோடு வரும். அளவு சரியாக இருந்தால் எழுது, சரியில்லை என்றால் என் மனசுக்காகச் சரியாக இருக்கிறது என்று எழுதிவிடாதே. ஊருக்கு வர வேண்டும் என்று அவசரப்படாதே, வேலைதான் முக்கியம், நீ இல்லாமல் இங்கே எதுவும் நின்றுவிடவில்லை. அங்கே நீ தூங்கும்போது உன்னை

அக்கா, முன்பக்கத்தில் கடைசி வரி பாதியில் நிற்கிறது அல்லவா, அதற்கு மேல் நான் எழுதியதை அம்மா அடிக்கச் சொல்லிவிட்டாள், அடித்துவிட்டேன். இனிமேல் வருவது நான். தாளின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அப்பாவும் அம்மாவும் தூங்குகிறார்கள். நான் மிஷின் மேஜைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், மேலேயிருந்து உன் சட்டைத் துணி திரை மாதிரித் தொங்குகிறது, அதற்குள் டார்ச் லைட். குனிந்து எழுதுவதால் எழுத்து கோணல், மன்னித்துக்கொள். காலையில் அம்மாதான் பார்சலைத் துணி வைத்துத் தைத்து மூடுவாள், அதற்கு முன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது. ஆனாலும் நான் சொல்லாவிட்டால் உனக்கு யாரும் சொல்லப்போவதில்லை. போனில் அம்மா உன்னிடம் நல்லா இருக்கியா, சாப்பிட்டியா, சரி வெக்கிறேன், இதைத் தவிர வேறு ஒன்றும் பேசுவதில்லையே.

அந்தத் தொழில் ரகசியம் எனக்குத் தெரியும். அம்மா எங்களைத் தூங்கும்போதுதான் அளக்கிறாள். முழிச்சிருக்கும்போது எல்லாரும் மூச்சைப் பிடிச்சு ஏமாத்துறாங்க, தூங்குற உடம்பு பொய் சொல்லாது என்று கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. டேப் வைத்து அளந்தால் நுனியில் இருக்கும் தகரம் சில்லென்று பட்டு ஆள் விழித்துக்கொள்ளுமாம், அதனால் நூல். எங்கே முடிகிறதோ அங்கே ஒரு முடிச்சு. அப்பாவுக்குக் காக்கி நூல், எனக்கு வெள்ளை நூல், இரண்டும் மிஷினுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும், ஜன்னல் திறந்திருந்தால் யாரோ சுவரில் தூங்குகிற மாதிரி மெதுவாக மூச்சு விடும். இதில் ஒரு கோளாறு என்னவென்றால், தூங்குகிறவர்களின் அளவுக்குத் தைத்தால் சட்டையும் தூங்குகிற சட்டையாகத்தானே வரும். அப்பா முழங்காலை மடித்துப் படுப்பார். அவர் காலை அளக்கும்போது தூக்கத்திலேயே பிரேக் போட்டு அம்மாவை ஒரு உதை விட்டிருக்கிறார். அந்த அளவில் தைத்த பேன்ட், அப்பா எழுந்து நின்றால் முழங்காலில் இரண்டு தேங்காயைக் கட்டின மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவோ, வண்டியில உக்காந்தா இத மாதிரி சொகுசான பேன்ட் உலகத்துலயே கிடையாது, கீழ இறங்கினாத்தான் வம்பு, அதனால நான் இறங்கறதே இல்ல என்கிறார். என் பள்ளிக்கூடச் சீருடை இன்னும் மோசம். நான் ஒருக்களித்துச் சுருண்டு, ஒரு கையைத் தலையணைக்குள் விட்டுத் தூங்குவேன் அல்லவா, முதுகுப் பக்கம் நீளம், முன்பக்கம் குட்டை, ஒரு கை மட்டும் விரல் வரை வருகிறது. ஆனால் டெஸ்க்கில் தலை வைத்துச் சாய்ந்தால் அப்படியே அச்சாகப் பொருந்துகிறது அக்கா, எங்கேயும் ஒரு சுருக்கம் இருப்பதில்லை, சாய்ந்தவுடனே தூக்கம் வந்துவிடுகிறது. கணக்கு டீச்சர், வீட்டுல ராத்திரி என்னடி பண்றே, கோட்டான் மாதிரி முழிச்சுக்கிட்டிருக்கியா என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் சொன்னது நிஜம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஏனென்றால் நான் தூங்குவதில்லை, தூங்குகிற மாதிரி படுத்திருக்கிறேன். முதல் தடவை இருட்டில் கழுத்தைச் சுற்றி ஏதோ மெல்லிசாக ஊர்ந்தது, கத்தப் போனேன். அப்புறம் வெங்காய வாசனை வந்தது, அம்மாவின் கை என்று தெரிந்தது. கண்ணைத் திறந்தால் அம்மாவுக்கு வெட்கமாகிவிடுமே என்று அப்படியே கிடந்தேன். இடுப்பைச் சுற்ற நூல் அடியில் நுழையாதபோது, தூக்கத்தில் புரள்கிற மாதிரி நானே கொஞ்சம் தூக்கிக் கொடுப்பேன். கை நீளம் அளக்கும்போது கையையும் லேசாக நீட்டிக் கொடுப்பேன். எனக்குச் சீருடை தைத்து முடிந்தது, வெள்ளை நூல் ஆணிக்குப் போயிற்று, ஆனால் அம்மா வருவது நிற்கவில்லை. நீல நூல் ஒன்றைக் கொண்டு வந்தாள். தோளில் வைத்து முடிச்சுப் போட்டுவிட்டு அதற்கு மேல் நாலு விரல் வைத்து இன்னொரு முடிச்சு. யாருக்கு இந்த நாலு விரல் என்று எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் மெதுவாக, காற்று மாதிரி, நெட்டை, கையை நீட்டுடி என்று சொன்னாள்.

நான் நீட்டினேன் அக்கா. என் கையை உன் கையாக நீட்டினேன். கொஞ்சம் அழுகை வந்தது, என்னைத் தொட்டுக்கொண்டு உன் பெயரைச் சொல்கிறாளே என்று. ஆனால் அதற்கப்புறம் அவள் பேசியதைக் கேட்டபோது அது போய்விட்டது. உன்னிடம் நிறையப் பேசுகிறாள். நீ இங்கேதான் படுத்திருக்கிற மாதிரிப் பேசுகிறாள். தோளு இன்னும் குறுகலாத்தான் இருக்கா, இல்ல பாரம் தூக்கித் தூக்கி அகலமாயிடுச்சா என்று கேட்டாள். ரெண்டு வார்த்தைல கடுதாசி போடறியே, கையில தெம்பு இல்லையா, சொல்ல விஷயம் இல்லையா என்று கேட்டாள். அந்தக் கோட்டு யாரோடது என்று கேட்டாள். போன ராத்திரி, போன்னு சொன்னவ நான்தானே, இப்ப வான்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது என்றாள். எனக்குக் கண்ணுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, தூங்குகிறவர்களுக்குக் கண்ணில் தண்ணீர் வருமா என்று தெரியாமல் பயந்து புரண்டு படுத்துவிட்டேன். நாலு நாளைக்கு முன்னால் உன் சட்டைக் கையைத் தைக்கும்போதுதான் ஊசி விரலில் இறங்கியது. மத்தியானத்தில் அம்மா மிஷினை வேகமாக ஓட்ட மாட்டாள், அவ தூங்குற நேரம் என்பாள், மிதியை அழுத்தாமல் அழுத்துவாள், சத்தம் தூறலை விட மெல்லிசாகிவிடும். நீ கடலுக்கு அந்தப் பக்கம் திரையை இழுத்துவிட்டுத் தூங்குகிறாய், இங்கே இவள் உன்னை எழுப்பாமல் தைக்கிறாள். அப்படியே கண் செருகியிருக்க வேண்டும், ஊசி இறங்கிவிட்டது. ரத்தம் பட்ட இடத்தைத் துவைத்துவிட்டாள், நீ தேடினாலும் கிடைக்காது.

இப்போது என் முழங்கை மிதியில் பட்டுவிட்டது. சக்கரம் அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. அம்மா புரண்டு படுத்தாள். டார்ச்சை அணைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு மட்டும் ஆணியில் நூல் இல்லை அக்கா. அவள் தனக்கு ஒன்றும் தைக்கவில்லை, அவளை யாரும் அளக்கவுமில்லை. அதனால் இதை எழுத உட்காரும் முன் நானே ஒரு நூலை எடுத்துக்கொண்டு போனேன். அம்மா மல்லாந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சில் வைத்து, இன்னொரு கையை ஜன்னல் பக்கம் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். உன் கட்டில் இருந்தால் அந்தக் கை அதன் மேல்தான் இருக்கும். தோளிலிருந்து மணிக்கட்டு வரை அளந்தேன், முடிச்சுப் போட்டேன். இடுப்பைச் சுற்றப் பார்த்தேன், நூல் நுழையவில்லை. அப்போது அம்மா தூக்கத்தில் புரள்கிற மாதிரிக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தாள்.

நூலைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். ஏனென்றால் நானும் அப்படித்தானே கொடுப்பேன். இங்கே வந்து உட்கார்ந்து எழுத எழுத யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அம்மா தூங்கவில்லை என்றால், இப்போது நான் எழுதுவதும் அவளுக்குத் தெரியும். நான் அத்தனை ராத்திரியும் தூங்கவில்லை என்பதும் தெரிந்திருக்கும். அப்படியென்றால் உன்னிடம் சொன்னதையெல்லாம் என் காதில் விழட்டும் என்றுதான் சொன்னாளோ என்னவோ. எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் முதலில் இருந்த பயம் இல்லை. தாளை ஒளித்து வைக்கலாம் என்றிருந்தேன், இப்போது பின்பக்கம் மேலே தெரியும்படி மிஷின் மேலேயே வைத்துவிடப்போகிறேன். அடித்த வரியையும் திரும்ப எழுதிவிடுகிறேன், அம்மா கேட்டது இதுதான்: அங்கே நீ தூங்கும்போது உன்னை அளக்க யாராவது இருக்கிறார்களா? இருந்தால் அவர்களிடம் உன்னை அளந்து அனுப்பச் சொல், நூல் போதும். யாரும் இல்லையென்றால் வந்துவிடு அக்கா. வந்து தூங்கு. மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நெட்டை, விடிந்துவிட்டது. இது இடது கை, கோழி கிண்டிய மாதிரி இருக்கும், எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள். பின்பக்கம் படித்தேன். அவள் கேட்டிருப்பது நான் கேட்டதுதான், அடிக்க வேண்டாம். முன்பக்கத்தில் எதுவும் நின்றுவிடவில்லை என்று சொன்னேனே, அந்த ஒரு வரியை மட்டும் நீ அடித்துக்கொள். சட்டையை அனுப்பவில்லை. எல்லாம் தைத்தாயிற்று, கை நுனி மடிப்பு மட்டும் பாக்கி, அதை நூலை வைத்து மடிக்க முடியாது, ஆள் நிற்க வேண்டும். குளிருக்கு அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு வா. நீ எங்கிருந்தாலும் நல்லா இருக்கணும், நல்லாத் தூங்கணும். ஈரத் தலையை மறக்காதே. பொடிசு இப்போது நிஜமாகவே தூங்குகிறாள், மிஷினுக்குக் கீழேயே, டார்ச் எரிந்துகொண்டிருக்கிறது. எழுப்பவில்லை.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா