கேட்காமல் எழுதிய பெயர்

இன்று காலை உன் பெரிய பெண் மதிப்பெண் அட்டையை நீட்டினாள். கணக்கில் கம்மி. அதனால் பள்ளி வேன் ஹாரன் அடிக்கும் வரை பையிலேயே வைத்திருந்தாள், அவசரத்தில் நான் படிக்க மாட்டேன் என்ற நினைப்பில். வேன்காரரை நிற்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடியில் ‘பெற்றோர் / காப்பாளர் கையொப்பம்’ என்று இருந்தது. போட்டுக் கொடுத்தேன். காப்பாளர் என்ற அந்தச் சொல்லைப் பார்த்தால் இன்னமும் எனக்கு முதலில் வருவது உன் மேல் கோபம்தான்.

நீ உயில் எழுதப் போகிறேன் என்று சொன்ன நாள் ஞாபகம் இருக்கிறது. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸில், தங்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்குக் காரமில்லாத உப்புமா கிண்டிக்கொண்டிருந்தேன். நீ முன்னால் வரவேற்பு மேசையிலிருந்து எழுந்து வந்து சமையல்கட்டு வாசலில் நின்றாய். ஊறுகாய் போடப் போகிறவள் மாதிரி சாதாரணமாகச் சொன்னாய். முப்பத்து நாலு வயது உனக்கு. கன்னம் இரண்டும் பூரி மாதிரி. கரண்டியை வைத்துவிட்டு உன்னை மேலும் கீழும் பார்த்தேன்.

“இன்னா நோவு? மறைக்காம சொல்லு.”

“நோவெல்லாம் இல்லக்கா. ரெண்டு பொட்டப் பிள்ளைங்க இருக்குது. அவரு ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதி வெக்காம போய்ட்டாரு. அப்புறம் நான் பட்ட பாட்டப் பாத்த இல்ல?”

பார்த்தேன். உன் வீட்டுக்காரர் வண்டியிலிருந்து விழுந்து போன பிறகு வாரிசுச் சான்றிதழுக்காக நீ வேங்கிக்கால் சர்க்கார் ஆபீசுக்கு அலைந்த அலைச்சலில் மலையைப் பத்து தரம் சுற்றி வந்திருக்கலாம். ஆனாலும் நான் நம்பவில்லை. நீ சாப்பிடப் போன நேரம் பார்த்து உன் கைப்பையில் மாத்திரை இருக்கிறதா என்று துழாவினேன். ஒரு ரப்பர் பேண்டும் சின்னவளின் உடைந்த கிளிப்பும்தான் கிடைத்தன. கெட்டிக்காரி, வேறு எங்கோ வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நோவு கிடைக்கவில்லை என்றதும் சந்தேகம் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் போனது. அங்கே உன் வீட்டுக்காரரின் அண்ணன் இருந்தார். தம்பி பங்குக் கொல்லை நிலத்தையும் சேர்த்து அவர்தான் பயிர் வைத்தார். மாதம் ஒருமுறை ஒரு பை மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, எடுத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்க வருவார். கொல்லையைத் தன் பேருக்கு எழுதி வாங்க அவர்தான் உன்னைத் தூண்டுகிறார் என்று முடிவு கட்டினேன். நல்ல மனுஷனாக இருந்தால் ஏன் ஒரு தடவைகூடச் சிரிக்க மாட்டேன் என்கிறார்?

அதைவிடப் பெரிய சந்தேகத்தை நீயே கிளப்பினாய். உயிலுக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்றார்கள். ஒரு சாட்சி நான்தான் என்று எனக்குள் முடிவாகியிருந்தது. பில் புத்தகத்தின் பின்பக்கம் நான்கு நாள் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். நீயோ எதிர்க்கடை இஸ்திரிக்காரரையும் தோட்டக்காரரையும் கூட்டிக்கொண்டு போனாய். துணி தேய்க்கிறவர் கையெழுத்துக்கு இருக்கும் மதிப்பு எனக்கு இல்லையா? மூன்று வாரம் உன்னைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

“நாங்க அஞ்சாங்கிளாஸு. எங்க கையெழுத்தெல்லாம் செல்லாது, தாயே.”

“செல்லும், காப்பியக்கா. செல்லும்” என்று சிரித்துக்கொண்டே நான் போடும் காப்பிக்கு டம்ளரை நீட்டுவாய். அந்தச் சிரிப்பின் மேல்தான் எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி.

அதற்கப்புறம் எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தாய். பிறகு ஐந்தே நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ போன பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது, நீ என்னிடம் எந்த நோவையும் மறைக்கவில்லை என்று. கைப்பையைத் துழாவியதற்கு மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் கீழ்பென்னாத்தூர்ப் பெரியப்பா வந்து பிள்ளைகளின் துணியை எடுத்து வைக்கச் சொன்னார். பெரியவள் அசையவில்லை. அம்மா ஒரு கவர் வைத்திருக்கிறார்கள், பத்திரம் எழுதுகிறவர் பிரித்துப் படிக்கணும் என்றாள். நான்கு பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். சின்னவள் என் மடியில். கொல்லைக்காகத்தான் இவர் பிள்ளைகளை அழைக்கிறார், விடக்கூடாது என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். ஆனால் எந்த உரிமையில் விடாமல் இருப்பது? நான் யார்?

பத்திரக்காரர் படித்தார். கொல்லையும் வீடும் இரண்டு பிள்ளைகளுக்கும் சமமாக. அதற்கடுத்து என் பேர் வந்தது, பேருக்குப் பின்னால் ‘காப்பாளராக நியமிக்கிறேன்’ என்று. கையைக் காட்டி அவரை நிறுத்தினேன்.

“பிள்ளைங்களுக்குக் காப்பி போடுறவளுன்னா எழுதி வெச்சிருக்கா? இதுக்கு எதுக்குப் பத்திரம்?”

பெரியப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்த வாயோடு துண்டால் கண்ணையும் துடைத்துக்கொண்டார். “வளக்கிறவங்கன்னு அர்த்தம்மா. உங்க கையிலதான் குடுத்துருக்குது. நான் குறுக்க நிக்கல” என்றார். இவ்வளவு லேசாக விடுகிறாரே, இதில் என்ன சூது என்று அதற்கும் யோசித்தேன்.

சாட்சி விஷயமும் அங்கேதான் விளங்கியது. உயிலுக்குள் பேர் வருகிறவரைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது என்று உன்னிடம் பத்திரக்காரர் சொல்லியிருக்கிறார். சொந்தக்காரர்கள் இருக்க ஏன் இந்த அம்மா என்றும் கேட்டிருக்கிறார். நீ சொன்ன பதிலை அப்படியே சொன்னார்: “அவங்க யாரையும் லேசுல நம்ப மாட்டாங்க சார். என்னையே நம்பல. பொட்டப் பிள்ளைங்களுக்கு அப்பிடி ஒரு ஆளு வேணும்.”

என்னிடம் மட்டும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று ரொம்ப நாள் உன்னைத் திட்டினேன். இப்போது தெரிகிறது. கேட்டிருந்தால் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். என் பெண்ணை வேலூரில் கட்டிக்கொடுத்துவிட்டு அப்போதுதான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஏதாவது தமாஷ் பண்ணிக் கழன்றுகொண்டிருப்பேன். அது உனக்குத் தெரிந்திருக்கிறது.

பெரியப்பா இன்னும் மாதாமாதம் வருகிறார். மல்லாட்டையைக் கொட்டி, சொத்தை இருக்கிறதா என்று அவர் எதிரிலேயே பொறுக்குகிறேன். அவரும் உட்கார்ந்து கூடவே பொறுக்குகிறார். போன தடவை பிள்ளைகளை லீவுக்கு அனுப்பினேன். மூன்றாம் நாளே பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். இரண்டு பேரும் கொல்லையில் சேறும் சிரிப்புமாக நின்றார்கள்.

பத்திரக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்று கேட்கிறார். உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பிள்ளைகளுக்கு யாரு, சீக்கிரம் யோசித்துச் சொல்லுங்கள் என்கிறார். யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று பேர் நினைவில் வந்தார்கள், மூன்று பேரிடமும் ஏதோ ஒன்று இடிக்கிறது. சின்னவளுக்குப் பதினெட்டு ஆக இன்னும் பன்னிரண்டு வருஷம் இருக்கிறது. அதுவரைக்கும் இந்த உடம்பைத்தான் நம்பியாக வேண்டும். இதன் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை, அதனால் தினமும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு, கிரிவலப் பாதையில் இதை ஒரு மணி நேரம் நடக்கவிட்டுப் பார்க்கிறேன்.