கடலுக்குக் காலண்டர் மாட்டியவன்

மச்சான்,

நேற்று பீரோவின் அடித்தட்டைக் காலி செய்தபோது பழைய கோப்பிலிருந்து ஒரு கார்பன் தாள் நழுவி விழுந்தது. அந்த எண்ணெய் வாடை இன்னும் போகவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், நீ தட்டிய எழுத்துகள் வரிவரியாகத் தெரிந்தன. உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவும் முடிந்துவிட்டது. நீ இருந்தபோது சொல்லாததை இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன், என் லட்சணம் அப்படி.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே உன் டைப்ரைட்டிங் கடை. நான் பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். நாடு சுதந்திரமடைந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்ய உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பம் கேட்டிருந்தார்கள். வயது வரம்பு எனக்கு அந்த வருஷத்தோடு முடிந்தது. அதை விட்டால் சாகும்வரை சாக்பீஸ்தான் என்று உன்னிடம் புலம்பியிருக்கிறேன்.

மாமல்லபுரத்துக் கரையைக் கடல் வருஷா வருஷம் அரிக்கிறதா என்பதுதான் என் பொருள். பதினோரு பக்கம், ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்தேன். பல்லவர் காலத்துத் துறைமுகப் பெருமையில் ஆரம்பித்திருந்தேன். மூன்று பக்கம் அடித்துவிட்டு நீ கையை எடுத்தாய்.

“இன்னா மச்சான், மூணு பக்கம் அடிச்சிட்டேன். நீ இன்னா பண்ணப் போறேன்னு இன்னும் வரலையே?”

“வரும், பொறு” என்றேன்.

“எங்க மனுவுல மொத பத்தியிலயே இன்னா வேணும்னு சொல்லிடணும். இல்லாங்காட்டி ஜட்ஜு தூக்கி அப்பால வெச்சிடுவாரு.”

எனக்குச் சுருக்கென்றது. எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவன் எனக்குச் சொல்ல வந்துவிட்டானா என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்க்காமல் பல்லவர்களைப் பேனாவால் கோடிட்டு நீக்கினேன். அடுத்த பக்கத்தில், கரை தேய்கிறது என்று நிரூபிப்பதே நோக்கம் என்று எழுதியிருந்தேன். அதற்கும் சிரித்தாய். “தேயுதுன்னு முன்னாடியே தெரிஞ்சா இன்னாத்துக்கு அளக்கணும்?” தேய்கிறதா, வளர்கிறதா என்று கேள்வியாக மாற்றினேன். பதினோரு பக்கம் ஐந்தாகச் சுருங்கியது.

பிறகுதான் அந்த வரி வந்தது. கரையில் ஒரு கல் நட்டு, அதிலிருந்து தண்ணீர் நிற்கும் இடம்வரை ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை ஏழு மணிக்கு அளப்பேன் என்று எழுதியிருந்தேன். நீ தட்டுவதை நிறுத்திவிட்டாய்.

“நோம்புப் பெருநாள் எந்தத் தேதில வரும், சொல்லு.”

“வருஷா வருஷம் மாறும். பிறை பார்த்துத்தானே?”

“நமக்கே பிறைதான். கடலுக்கு மட்டும் காலண்டர் மாட்டி வெச்சிகீறாங்களா?”

அமாவாசைக்கு ஏறும் தண்ணீர் அஷ்டமிக்கு அவ்வளவு ஏறாது என்பது நான் வகுப்பில் நடத்தும் பாடம்! ஆனால் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டிலேயே வாழ்ந்தவனுக்கு மாதம் என்றால் ஒன்றாம் தேதி, அவ்வளவுதான். அன்று ஞாயிறு, மறுநாள் தபாலில் சேர்த்தாக வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு நீயே என்னைத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றி, கூடவே வந்தாய். மாமல்லபுரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த மீனவரிடம் கேட்டோம். “அமாவாசைக்கு வந்து பாருங்க, பௌர்ணமிக்கு வந்து பாருங்க. நடுவுல பாத்தா தண்ணி ஏமாத்திடும்” என்றார். மாலைக்குள் திரும்பி வந்து, முதல் தேதி என்றிருந்ததை அமாவாசை, பௌர்ணமி என்று நான் மாற்ற, ஐந்து பக்கத்தையும் மூன்று நகலோடு மறுபடி அடித்தாய். ஒரு முணுமுணுப்பும் இல்லை.

நேர்முகத்தில் ஒரு பேராசிரியர் அந்த வரியில் விரலை வைத்தார். “நிலவைப் பார்த்து அளப்பது நல்ல யோசனை. யார் சொன்னது?”

“நானே யோசித்ததுதான்” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது. இடம் கிடைத்தது. பாய் கடை பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னென்ன கேட்டார்கள் என்று நீ ஆசையாக விசாரித்தாய். அந்த ஒரு கேள்வியைத் தவிர மற்றதெல்லாம் சொன்னேன்.

மூன்று வருஷம் கழித்து என் ஆய்வேட்டையும் நீதான் அடித்தாய். கடைசியாக நன்றிப் பக்கம். பேராசிரியர், நூலகர், மாமல்லபுரத்து மீனவர்கள், எனக்கு லீவு கொடுத்த தலைமையாசிரியர். உன்னை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டைப் அடித்ததற்கு மட்டும் நன்றி சொன்னால் அது கூலி கொடுத்த மாதிரி இருக்கும். யோசனைக்குச் சொன்னால், நேர்முகத்தில் நான் சொன்னது பொய் என்று அந்தப் பேராசிரியருக்கே தெரிந்துவிடும். பயந்தேன், மச்சான். வேறு காரணம் எதுவும் இல்லை.

தலைமையாசிரியர் பெயரை அடித்து முடித்து, உருளையை இரண்டு முறை திருகினாய். “வேற பேரு யாராச்சும் கீறாங்களா? பக்கத்துல எடம் கீது.”

“இல்லை” என்றேன்.

“செரி” என்று தாளை உருவினாய். நகல்களைத் தட்டி ஒழுங்கு செய்தாய். டீ சொல்லி அனுப்பினாய். தெரிந்துதான் கேட்டாயோ, சும்மா கேட்டாயோ, அதன்பிறகு எத்தனையோ வருஷம் பழகியும் எனக்குக் கேட்கத் துணிவு வரவில்லை.

அந்த ஆய்வேட்டின் பிரதி என் அலமாரியில் இருக்கிறது. எப்போது எடுத்தாலும் கை முதலில் அந்தப் பக்கத்துக்குத்தான் போகிறது. நான்கு வரிகள், அதற்குக் கீழே நீ விட்டுவைத்த வெள்ளை. இன்று பேனாவால் உன் பெயரை அங்கே எழுதினேன். முழுப் பெயரும், உன் வாப்பா பெயரோடு. தாராளமாக இடம் இருந்தது.