வாசலில் சேத்துக்குட்டி

அக்டோபர் 23, வியாழன்

மீண்டும் அச்சகம். அடுத்த ஆண்டு மார்ச் 9 வரை மெய்ப்புப் பார்த்தாயிற்று. ஊரெல்லாம் தீபாவளியை முடித்துவிட்டுக் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. காலண்டர் அடிக்கிற எங்களுக்கு மட்டும் இதுதான் சீசன். ராகு காலமும் எமகண்டமும் கண்ணை மூடினாலும் ஓடுகின்றன.

மதினிக்கு விடுமுறை. பட்டாசுக் கம்பெனியை இனி டிசம்பர் முதல் தேதி பூஜை போட்டுத்தான் திறப்பார்களாம். அண்ணனைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்து பதினோரு மாதம் ஆகிறது. இத்தனை நாள் சேர்ந்தாற்போல் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. “சாப்பிட்டீகளா?” “ஆச்சு மதினி. நீங்க?” அதோடு முடிந்தது. என்னைவிட மூன்று வயது மூத்தவர், என்னை ‘நீங்க’ என்கிறார். நான் எம்.ஏ. படித்தவளாம்.

கனி 572.

அக்டோபர் 25, சனி

இந்த நோட்டில்கூட இதைப் பற்றி விரிவாக எழுதியதில்லை. கூச்சம்தான். இருபத்தைந்து வயதில், அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிறவள், செல்போனில் ஜந்து வளர்க்கிறாள் என்று யாரிடம் சொல்வது?

விளையாட்டின் பெயர் குவாரா லீக். காட்டில் ஜந்துகளைப் பிடிக்க வேண்டும்; கனி கொடுத்துப் பழக்க வேண்டும்; கூட்டில் வரிசையாக நிறுத்திப் பிறருடைய கூட்டோடு மோதவிட வேண்டும். பிடிப்பது சுலபம். என்னிடம் எண்பத்துமூன்று இருக்கின்றன. கனிதான் பஞ்சம்: நாளுக்குப் பத்து. கொடுத்த கனியைத் திரும்ப வாங்க முடியாது. ஆகவே மொத்த ஆட்டமும் ஒரே கேள்விதான். யாரைப் பழக்குவது, யாரைப் பட்டினி போடுவது?

இரண்டு மாதமாக ஒரு கனியும் செலவழிக்காமல் சேர்க்கிறேன். எல்லாம் வோல்டாக்குக்காக. மின்னல் கழுகு. முட்டை செவ்வாய்க்கிழமை பொரியும். எங்கள் குழுவின் பெயர் ‘கரிசல் படை’. பத்துப் பேர். நவம்பர் 29-இல் மேல்தட்டுக் குழு ஒன்றோடு போட்டி. ஜெயித்தால் அவர்கள் இடம் எங்களுக்கு. வோல்டாக் இல்லாதவருக்குக் குழுவில் இடம் நிச்சயமில்லை என்று தலைவர் விக்னேஷ்குமார் சொல்லிவிட்டார். காரியாபட்டியில் உரக்கடை வைத்திருக்கிறாராம். பார்த்ததில்லை. அங்கே என் பெயர் ‘பிழை’. எல்லோரும் என்னை ஆண் என்று நினைத்து “ஏலே பிழை” என்கிறார்கள். திருத்தவில்லை. நான் அறிந்த இடங்களிலேயே, என்னைப் பற்றி யாரும் எதுவும் கேட்காத இடம் அது ஒன்றுதான்.

பழைய போனில்தான் விளையாடுகிறேன். அது இரண்டாம் தட்டில், தடித்த மொழிபெயர்ப்பு நாவல்களுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே யார் கையும் போகாது.

அக்டோபர் 27, திங்கள்

போய்விட்டது. எல்லாம்.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தால், பழைய போன் அடுப்படியில் மிக்ஸிக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. மதினி முகமெல்லாம் சிரிப்பு. “தூசி தட்டுனேன், கெடைச்சுச்சு. பாவம்ங்க, உங்க உருப்படிக. தலைக்கு மேல ‘பசி, பசி’ன்னு எழுதிக் காட்டுதுக. அம்புட்டையும் போட்டுட்டேன்!”

அம்புட்டையும். அறுநூற்றுப் பன்னிரண்டு கனி. அதிலும் பெரும்பகுதி மட்டோவுக்கு! முதல் நாள் எல்லோருக்கும் இலவசமாகத் தருகிற மண் ஜந்து. குட்டையில் விழுந்த செங்கல்லுக்குக் கண் வைத்தது போல இருக்கும். எங்கள் குழுவில் வேறு ஒருவரும் அதை வைத்துக்கொள்ளவில்லை. மீதி ஒரு ஆமைக்கும், ஓணான் மாதிரி இருக்கும் நெருப்பு ஜந்துவுக்கும், ஒரு முள்ளெலிக்கும். கூட்டில் இருந்த ஆறில் இரண்டை வெளியே அனுப்பிவிட்டார்.

“ஒருத்தர் பொருளைக் கேக்காம தொடுறது எந்த ஊர்ப் பழக்கம்?” என்றேன்.

அந்தச் சிரிப்பு அணைந்ததைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அக்டோபர் 28, செவ்வாய்

வோல்டாக் பொரிந்தது. கொடுக்கக் கனி பத்துதான். மதினி இன்று ‘சாப்பிட்டீகளா’ என்று கேட்கவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

கோபம் கனிக்காகவா? இல்லை என்றுதான் தோன்றுகிறது. நாவல்களுக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்ததை ஒருவர் பார்த்துவிட்டார் என்பதற்காக. பார்த்தவர் கேலி பேசவில்லை, பசிக்கிறது என்றதும் சோறு போட்டார். அதற்கு நான் சொன்ன வார்த்தை அது.

சாத்தூர் காராச்சேவு கால் கிலோ வாங்கிப் போனேன். மன்னிப்பு என்ற சொல் எழுத்தில் எத்தனை முறை வந்தாலும் வாயில் வராது. சேவுப் பொட்டலத்தையும் போனையும் சேர்த்து நீட்டினேன். “ரெண்டு பேரை ஏன் மதினி வெளிய அனுப்புனீக?”

பொட்டலத்தைப் பிரித்து என் பக்கமும் தள்ளினார். பிறகு, “ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுல்லா?” என்றார்.

“எந்த ரூம்ல?”

“எந்த ரூம்லயும்தான். எங்க கம்பெனியில ஆறு பேர் உக்காந்திருந்தா ஆபீசர் வந்து பூட்டிட்டுப் போயிருவாக. இதுல என்னடான்னா ஒரு கூட்டுக்குள்ள ஆறு. அதுல ஒண்ணு நெருப்பு, ஒண்ணு மின்னல்! மின்னல் வெட்டுனா நாங்க வேலையையே போட்டுட்டு வெளிய வந்திருவோம். அதைக் கொண்டு உள்ள வச்சிருக்கீக.”

“அப்ப மண்ணும் ஆமையும்?”

“வாசல்ல ஒரு மணல் வாளி, ஒரு தண்ணி வாளி. இதுகூடத் தெரியாதா? எம்.ஏ. படிச்சிருக்கீகள்ல.”

எனக்குச் சிரிப்பு வந்து நிற்கவில்லை. சேவு புரையேறியது. மதினி முதுகில் தட்டிக்கொண்டே தானும் சிரித்தார். “சிரிங்க, சிரிங்க. நாலுக்கு மேல இருந்தா ஒரு ஆளுக்கு ஆனது அம்புட்டுப் பேருக்கும் ஆகும். அதுக்குத்தான் அந்தக் கணக்கு.” இதைச் சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 2, ஞாயிறு

மதினி எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டார். மட்டோ இனிமேல் சேத்துக்குட்டி. நெருப்பு ஜந்து ஓணான். முள்ளெலிக்கு அண்ணன் பெயர், காளீஸ்வரன். தலையைத் தடவினால் குத்துமாம். ஆமைக்கு ஆனைக்குட்டம். “எங்க ஊர் அணை. எம்புட்டுத் தண்ணி வந்தாலும் அசையாம நிக்கும்.”

தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். விக்னேஷ்குமாரின் பதில்: “ஏலே பிழை, மட்டோவுக்கு அறுநூறா? உங்க மதினிக்கு வேற வேலை இல்லையா?”

டிசம்பர் ஒன்று வரை இல்லை என்று எழுதினேன்.

நவம்பர் 8, சனி

தினமும் பத்துக் கனிக்கு ஒரு பஞ்சாயத்து. ஓணானுக்கு ஆறு கொடுத்தால் மூன்று நாளில் புது அடி கற்கும் என்பது என் வாதம். “அடிக்கிறது இருக்கட்டும். மொதல்ல வாசலைப் பாரு,” என்கிறார் மதினி. எப்போது ‘பாருங்க’ போய்ப் ‘பாரு’ வந்தது? கவனிக்கவில்லை.

அண்ணன் தட்டோடு வந்து எட்டிப் பார்த்தான். “சின்னப் பிள்ளையில விளையாடாததை இப்ப ஆடுதீகளோ? ஏ பானு, இதுல யாரு பலசாலி?”

“காளீஸ்வரன் இல்லை,” என்றார் மதினி.

நவம்பர் 15, சனி

பயிற்சி ஆட்டம் இருபது. வெற்றி இரண்டு, தோல்வி ஆறு, சமன் பன்னிரண்டு. சமன் என்றால் மூன்று நிமிடம் முடியும்போது இரண்டு பக்கமும் ஆள் மிச்சம் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு சமனை நான் இரண்டு ஆண்டில் பார்த்ததில்லை. இங்கே எல்லோரும் நெருப்பையும் மின்னலையும்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். மண்ணில் மின்னல் இறங்கிப் போகிறது, தண்ணீரில் நெருப்பு அணைகிறது. முன்னால் இரண்டு வாளி. மதினியிடம் இந்த விதியைச் சொன்னேன். “அது இந்த விளையாட்டைச் செஞ்சவனுக்கும் தெரிஞ்சிருக்கே,” என்று ஆச்சரியப்பட்டார்.

காலண்டரில் ஆகஸ்ட் வந்துவிட்டேன்.

நவம்பர் 21, வெள்ளி

விக்னேஷ்குமாரிடமிருந்து செய்தி. அவரிடம் நன்றாகப் பழகிய இரண்டாவது வோல்டாக் இருக்கிறதாம். போட்டிக்கு எனக்கு இரவல் தருகிறார். அதோடு இன்னொன்றும் சேர்த்துக் கூட்டில் ஆறையும் நிரப்ப வேண்டும். மட்டோவை எடுத்துவிட வேண்டும். “உனக்காகத்தான் கேக்கேன். செங்கலை வச்சுக்கிட்டு நீ நின்னா மத்த பசங்க என்னையக் கேப்பாங்க. நாளைக்குள்ள சொல்லு.”

நியாயமானவர். ஒரு மாதம் முன்பு என்றால் சந்தோஷத்தில் அழுதிருப்பேன்.

மதினியிடம் காட்டினேன். படித்தார். “உங்க கூடு, உங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்.

‘உங்க’.

நவம்பர் 22, சனி

அச்சகத்தில் ஒரே தாளை மூன்று முறை படித்தேன். கணக்குப்படி யோசித்தால் வோல்டாக்தான். குழுவைவிட்டுப் போனால் வேறு குழு கிடைக்கும், ஆனால் ‘ஏலே பிழை’ கிடைக்காது. அதை இழக்க மனமில்லை. சேத்துக்குட்டியைக் கூட்டைவிட்டு எடுக்கும் பொத்தான் மீது விரலை வைத்தும் பார்த்தேன். “நிச்சயமாகவா?” என்று கேட்டது.

நிச்சயமில்லை. எடுக்கவில்லை. மதிய இடைவேளையில் தலைவருக்கு எழுதினேன்: நாலே பேர். வாசலில் மட்டோ. வேண்டாமென்றால் என்னை எடுத்துவிடுங்கள்.

நான்கு மணிக்குப் பதில் வந்தது. “கடைசி ஆட்டம் உனக்கு. அவங்க தலைவனோட. அதுக்குள்ள முடிவு தெரிஞ்சிரும், நீ தோத்தாலும் பாதகமில்லை.” அதாவது நான் பலியாடு. அடுத்த ஆண்டு அக்டோபர் 14-ஐ எந்தப் பிழையும் இல்லாமல் முடித்தேன்.

வீட்டில் மதினியிடம் சொன்னதும் தட்டில் இன்னொரு ஆம்லெட் விழுந்தது.

நவம்பர் 29, சனி

வரிசையாக எழுதிவிட வேண்டும்.

ஆறு மணி. நானும் மதினியும் கட்டிலில், நடுவில் போன். ஒன்பது ஆட்டம் முடிந்தபோது நாங்கள் ஐந்து, அவர்கள் நான்கு. முடிவு தெரிந்துவிடும் என்றாரே தலைவர், தெரியவில்லை. நான் தோற்றால் ஐந்துக்கு ஐந்து. மொத்தக் கணக்கு சமமானால் இடம் பழைய குழுவுக்கே. ஜெயிக்க வேண்டியதில்லை. தோற்கக் கூடாது, அவ்வளவுதான்.

எதிரே இரண்டு வோல்டாக், நான்கு நெருப்பு. மதினி பார்த்துவிட்டு, “இவன் கம்பெனி ஒரு நாள் தாங்காது,” என்றார்.

முதல் நிமிடம் முழுக்கச் சேத்துக்குட்டி மீது இடி. அது கண்ணைக் கண்ணை மூடித் திறந்தது. இரண்டாம் நிமிடத்தில் காளீஸ்வரன் விழுந்தான். (அண்ணன் வாசலிலிருந்து, “அதானே, மொதல்ல நான்தானே!”) ஆனைக்குட்டம் பாதி போய்விட்டது. ஓணான் தானாகவே முன்வரிசைக்கு நகர்ந்தது. அதன் சுபாவம் அப்படி. மதினி எழுந்தே நின்றுவிட்டார். “ஏய் ஓணானே! கூறு இருக்கா உனக்கு? உள்ள போ! வாசல்ல நிக்காத! ஏ பொன்மணி, அவனை உள்ள இழு புள்ள!”

இழுத்தேன். ஆனைக்குட்டம் விழுந்தது. ஓணானும் விழுந்தது. கடைசிப் பத்து நொடி, எதிரே மூன்று பேர், இந்தப் பக்கம் ஒரு செங்கல். கண்ணை மூடித் திறந்தது.

மணி அடித்தது. சமன். ஆளுக்கு அரைப் புள்ளி; ஐந்தரை, நாலரை. இடம் எங்களுக்கு.

மதினி என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதுதான் போனிலிருந்து விக்னேஷ்குமாரின் குரல் வந்தது. “ஏலே பிழை... ஏ, இல்ல, தங்கச்சி... மைக்கு போட்டிருக்கும்மா. ஆட்டம் பூராவும் போட்டிருந்துச்சு.”

ஒன்பது பேரும் கேட்டிருக்கிறார்கள்! மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. மதினி போனை வாங்கி, “ஆமா, பொம்பளைப் பிள்ளைதான். அதுக்கென்ன இப்ப?” என்றார்.

“ஒண்ணுமில்லக்கா. அந்த ஓணானை வெரட்டுனீகளே, இனிமே எங்களுக்கும் அப்படிச் சொல்லுங்க.”

நவம்பர் 30, ஞாயிறு

குழுவில் மூன்று பேர் மட்டோவுக்குக் கனி போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் மதினிக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். நினைத்த அளவு கூச்சமாக இல்லை.

போன் இனி டிவி ஸ்டாண்டில்.

டிசம்பர் 1, திங்கள்

கம்பெனி திறந்துவிட்டது. ஏழு மணிக்கு வேன். கேட்டிலேயே போனைப் பெட்டியில் போட்டுவிட வேண்டுமாம். தீப்பெட்டி எப்படியோ போனும் அப்படித்தான் அங்கே. அதனால் மதினி போவதற்கு முன் அச்சில் கழிந்த பட்டாசு லேபிள் ஒன்றின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். முன்பக்கம் மயில், பின்பக்கம்:

சேத்துக்குட்டி 4
ஆனைக்குட்டம் 4
ஓணான் 2, சேட்டை பண்ணினா இல்லை
வாசலை மாத்தாதே

நானாக இருந்தால் ஓணானுக்கு ஆறு கொடுப்பேன். சீட்டில் உள்ளபடி கொடுத்தேன். கூட்டில் இரண்டு இடம் காலி. அப்படியே இருக்கட்டும்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்து, ஒரு மின்னல் வெட்டியது. அச்சகத்து ஜன்னலோரம் போய் நின்றேன். இந்நேரம் வெளியே வந்திருப்பார்கள். மின்னல் வெட்டினால் வந்துவிடுவோம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆனாலும், மழை விழுந்து ஓயும் வரை மெய்ப்பில் கண் நிற்கவில்லை. ஒரு வருடமாக இந்த ஊரில் மின்னல் வெட்டாமலா இருந்தது?

பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஆறு மணிக்கு வேன் வரும். ஐந்தரைக்கே தெருமுனையில் நின்றேன். லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணன், “இங்கன என்ன செய்யுதே?” என்றான்.

“சும்மா. காத்து வாங்க.”

ஆறு பத்துக்கு வேன் வந்தது. மதினி முழங்கை வரை வெள்ளிப் பொடியோடு இறங்கினார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

“சேத்துக்குட்டி சாப்பிட்டுச்சா?” என்றார்.