அது திமிர் இல்லை, அண்ணே

என் ஆசை அண்ணனுக்கு,

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். நேற்று சிம்மக்கல் அச்சகத்தில் என் மகள், உன் மருமகளின் கல்யாணப் பத்திரிகையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். தாய்மாமன் என்று போட்டிருந்த இடத்தில் உன் பெயரை என் வீட்டுக்காரர் பேனாவால் அடித்துவிட்டார்.

"காதுகுத்துல எங்க சொந்தக்காரங்க முன்னாடி மூஞ்சிய உம்முன்னு வச்சிருந்த ஆளு. அம்புட்டுத் திமிரு! செத்தவன் பேரு எதுக்குடி இப்ப?" என்றார்.

எத்தனை வருஷமாக இதே பேச்சு! எழுமலையிலிருந்து மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தாய். பிள்ளையை மடியில் வைத்துக் காது குத்தினாய். இவர்கள் கண்ணில் அதெல்லாம் படவில்லை, நீ சிரிக்காதது மட்டும் பட்டது. அதையே சாக்காக வைத்து நம் வீட்டுப் போக்குவரத்தை நிறுத்தினார்கள்.

நீயாவது, "மொகம் இறுகிக் கெடக்கு தாயி, என்னன்னு தெரியல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? உன் மேலும்தான் எனக்குக் கோபம்.

பிறகு அது பார்க்கின்சன் நோய் என்று தெரிந்த அன்று டாக்டரம்மா என்னிடமும் மதினியிடமும் சொன்னதை நீ கேட்கவில்லை. செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று இருக்கிறதாம், உடம்புக்குத் தெம்பு கொடுக்கிற அடுப்பு மாதிரி. மூளையில் நம் அசைவைப் பார்த்துக்கொள்ளும் செல்களில் அது பழுதாகி உடைந்தால், அந்தத் துண்டுகளைக் கிருமி என்று நினைத்து உடம்பே அவற்றின் மேல் பாயுமாம். அந்த அழற்சியில் பக்கத்துச் செல்களும் சாகுமாம். "இது மட்டுமே காரணம்னு சொல்ல முடியாதும்மா. ஆனா மொகம் அசையாததுக்கு இந்த நோய்தான் காரணம்" என்றார்.

சொந்தத்தையே அந்நியம் என்று அடிக்கிற உடம்பு! கேட்டதும் என் புகுந்த வீடுதான் ஞாபகம் வந்தது. உடம்புக்காவது விவரம் தெரியாது. இவர்களுக்கு என்ன கேடு?

அச்சகத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். "எங்கண்ணன் சிரிச்சுச்சு. மொகந்தான் அது பேச்சக் கேக்கல. எத்தன தடவ சொல்றது?"

"கல்யாண நேரத்துல மானத்த வாங்காத" என்றார். யார் மானம், அண்ணே? உனக்கு ஒன்று இருந்ததே, அதை யார் நினைத்தார்கள்?

உன் பெயர் இல்லாத பத்திரிகையை என் கையால் ஒருத்தருக்கும் கொடுக்க மாட்டேன். மதினிதான் உன் சீரோடு மண்டபத்துக்குள் முதலில் நுழைவாள். அப்போதும் எவனாவது திமிர் என்று வாயைத் திறந்தால், பெண்ணைப் பெற்றவள் நான், மேடையிலிருந்து இறங்கி அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் தாலி கட்டச் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
பேச்சி